தரை ஈரமாக இருந்தது

பொய் சொல்கிறவர்களின் தரை மட்டும் ஏன் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது?

இந்தக் கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் எதிரே உட்கார்ந்திருந்த லேபிள் தைக்கிற பெண் அழுதுவிடுவாள் போலிருந்தது. ஏற்கெனவே விரலில் நூலைச் சுற்றிச் சுற்றி விரல் நுனி சிவந்து போயிருந்தது.

"தரை ஈரமா இருந்துச்சு மேடம். குருவி வழுக்கி விழுந்துட்டா. அவ்வளவுதான்."

"விழுந்ததை முதல்ல யார் பார்த்தது?"

"தரை ஈரமா இருந்துச்சு மேடம்."

"அது சரிம்மா. யார் பார்த்தது?"

"குருவி வழுக்கி விழுந்துட்டா. அவ்வளவுதான்."

பக்கத்து நாற்காலியிலிருந்து கொழுந்தன் அவள் காதருகே குனிந்தான்.

"அண்ணி, முதுகுல ஒரு பட்டன் இருக்கும். அழுத்திப் பாருங்க, வேற பாட்டு வருதான்னு."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை விழுங்கினாள். நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவள் அவள். இன்சூரன்ஸ் கம்பெனிகள் அவளை அனுப்பும். அவள் போய் யார் பொய் சொல்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வருவாள். கொழுந்தன் போன இடமெல்லாம் வாயால் வேலை இழந்து, அதே வாயோடு அண்ணியிடம் உதவியாளனாக வந்து சேர்ந்தவன். வீட்டில் அவனை யாரும் பேச விடுவதில்லை. அதையும் சேர்த்து இங்கே பேசிவிடுவான்.

இன்றைய கேஸ் பார்வைக்குச் சின்னது. மெத்தை செய்கிற தொழிற்சாலை. குருவி என்று எல்லோரும் கூப்பிடுகிற தையல்காரப் பெண்ணுக்கு வேலை நேரத்தில் கணுக்கால் உடைந்திருக்கிறது. நஷ்டஈடு கேட்டு மனுப் போட்டிருக்கிறாள். வேலையில் பட்ட அடியா, இல்லையா? மாலைக்குள் கம்பெனிக்குப் பதில் போக வேண்டும்.

காலையில் குருவியை வீட்டில் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். தலையணைமேல் மாவுக்கட்டுப் போட்ட வலது கால். கட்டுக்கு வெளியே கட்டைவிரல் மட்டும் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது.

"காலை அசைக்காதடி!" என்று அவள் அம்மா அடுக்களையிலிருந்து அதட்டினாள்.

"நான் அசைக்கலைம்மா. அதுவா தைக்குது."

பெடல் மிதிக்கிற கால் அது. இன்னொரு ஆபரேஷன் செய்தால் கணுக்கால் மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நஷ்டஈடு வந்தால்தான் ஆபரேஷன். வராவிட்டால் எலும்பு இப்படியே கூடிவிடும். பிறகு நடக்கலாம், பெடல் மிதிக்க முடியாது. குருவிக்குத் தெரிந்த ஒரே வேலை அந்தப் பெடலில் இருந்தது. அவளும் அதே பாட்டைத்தான் பாடினாள். தரை ஈரம், வழுக்கல், அவ்வளவுதான். ஆனால் விழுந்ததைச் சொன்னபோது அவள் முகத்தில் ஒரு கணம் வந்து மறைந்தது வலி இல்லை. குறும்பு. சாமான் உடைத்த குழந்தை, அதை உடைத்த விளையாட்டை நினைத்துக்கொள்கிற மாதிரி.

அந்த முகத்தைத்தான் விசாரிக்க வந்தவளால் மனத்திலிருந்து கழற்றி வைக்க முடியவில்லை.

அடுத்த சாட்சி உள்ளே வந்தாள். நாற்காலி முனகியது. ஓரத் தையல் போடுகிறவள். நல்ல கனத்த உடம்பு. தொழிற்சாலை முழுக்க அவளுக்குப் பெரியக்கா என்றுதான் பேர். உட்கார்ந்ததும் அவளே ஆரம்பித்தாள்.

"தரை ஈரமா இருந்துச்சு மேடம். குருவி வழுக்கி..."

"நீங்க அப்ப எங்க நின்னீங்க?"

"நானா? நான் அன்னிக்கு லீவு மேடம்."

வெளியே ஒரு தையல் இயந்திரம் கடகடத்துவிட்டு நின்றது.

"லீவு. ஆனா தரை ஈரமா இருந்துச்சு" என்றாள் அவள் மெதுவாக.

"ரொம்ப ஈரம் மேடம்" என்றாள் பெரியக்கா. கண்களில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"வீட்டு ஜன்னல் வழியா தெரிஞ்சிருக்கும் அண்ணி" என்றான் கொழுந்தன் பணிவாக.

பெரியக்கா எழுந்து போன பிறகு அவளும் எழுந்தாள். கொட்டகையின் நுழைவாயிலில் ஆள் உயரத்துக்கு ஒரு பலகை. 'உள்ளே தண்ணீர் கொண்டு வராதீர்கள். ஒரு பாட்டில் கூட.' கீழே வேறு கையெழுத்தில், 'வியர்வைக்கும் பொருந்தும்' என்று யாரோ வேடிக்கைக்கு எழுதியிருந்தார்கள். தரையை விரலால் தொட்டுப் பார்த்தாள். பஞ்சுத் தூசி. துடைப்பத்தால் பெருக்குவார்கள், ஈரத்துணி உள்ளே வராது. ஒரு சொட்டு இறங்கினால் மெத்தை உள்ளுக்குள் பூஞ்சை பிடித்துவிடும்.

"ஆக, இந்த ஊரிலேயே ஈரமாக முடியாத தரை இது ஒண்ணுதான்" என்றான் கொழுந்தன். "அதைப் போய்த் தேர்ந்தெடுத்திருக்காங்க பாருங்க. கேஸ் முடிஞ்சது அண்ணி. இன்சூரன்ஸ் மேனேஜருக்குப் போன் போட்டுச் சொல்லிட்டு வரேன்."

தடுக்க நினைப்பதற்குள் போய்விட்டான். சந்தோஷப்பட வேண்டிய இடம். பொய் ஒன்று கையில் அகப்பட்டால் அவளுக்குள் ஒரு சின்ன மணி அடிக்கும்; அந்த மணிச் சத்தத்துக்காகத்தான் இந்த வேலையையே விடாமல் செய்கிறோமோ என்று சில சமயம் வெட்கமாகக்கூட இருக்கும். இன்று மணி அடித்தது. அடித்துவிட்டு நிற்காமல், யாரோ வாசலில் காத்திருக்கிற மாதிரி, திரும்பத் திரும்ப அடித்தது.

பொய் சொல்லத் தெரியாதவர்கள் எதற்காக இவ்வளவு பேர் சேர்ந்து சொல்ல வேண்டும்?

சூப்பர்வைசர் ஓடி வந்தார். சட்டையெல்லாம் பஞ்சு. மீசையில்கூட.

"சுத்திக் காட்டட்டுமா மேடம்? எங்க தரத்தைப் பாருங்க. ஒவ்வொரு மெத்தையும் இந்த மிஷின்ல சோதிச்சாத்தான் வெளியே போகும். கனமா ஒரு பலகை வந்து மெத்தை மேல உக்காரும், எழுந்திருக்கும், மறுபடி உக்காரும். நாள் பூரா. பொண்ணுங்க அதுக்கு மாமனார்னு பேர் வச்சிருக்காங்க."

மாமனார் மூலையில் நின்றிருந்தார். இரும்புக் கையில் சட்டைகள் மாட்டியிருந்தன. கனமான பலகைமேல் ஒரு பூனை, குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டு படுத்திருந்தது. பக்கத்தில் சாப்பாட்டுத் தூக்குகள் வரிசையாக.

"மாமனார் ரிடயராகி, பேரப் பிள்ளைகளோட இருக்கார் போல" என்றான் திரும்பி வந்த கொழுந்தன்.

"இன்னிக்கு ஒரு நாள்தான் சார் ஓய்வு" என்றார் சூப்பர்வைசர். பூனை அவரைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

அவள் நடந்துகொண்டே இருந்தாள். கொட்டகையின் கடைசியில் ஒரு இரும்புப் பரண், ஏறிப்போக ஏணி. ஏணி அடியில் வரிசையாகச் செருப்புகள், யாரோ உள்ளே விருந்துக்குப் போன வீட்டு வாசல் மாதிரி. பரணுக்கு நேர் கீழே தரையில் ஒரு புது மெத்தை விரித்துக் கிடந்தது.

"மேல என்ன?"

"ஒண்ணுமில்லை மேடம். யாரும் ஏறறதே இல்லை."

ஏணியின் படிகளைப் பார்த்தாள். இரண்டு ஓரமும் தூசி. நடுவில் மட்டும் வழவழவென்று மின்னியது.

"யாரும் ஏறாத ஏணிக்கு யார் சார் பாலிஷ் போடறது?" என்று கேட்டான் கொழுந்தன்.

தையல் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பெண்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருத்தியும் அவளைப் பார்க்கவில்லை. எல்லாக் கண்களும் பரணின் விளிம்பில் இருந்தன. அங்கே, அத்தனை முகத்திலும், காலையில் பார்த்த அதே குறும்பு.

அவளுக்குப் புரிந்துவிட்டது.

செருப்பைக் கழற்றினாள்.

"அண்ணி, எங்க போறீங்க?"

"மேல."

கொழுந்தன் பின்னாலேயே ஏணியில் தொற்றிக்கொண்டு வந்தான். பாதியில் அவனுக்கும் விளங்கிவிட்டது. குரல் இறங்கியது.

"இங்கேருந்து தாவி விளையாடறாங்க. அப்படித்தானே? குருவி தாவும்போதுதான் கால் போயிருக்கு."

"ம்."

"வேலை நேரத்துல விளையாடி அடிபட்டா நஷ்டஈடு கிடையாது."

"கிடையாது."

"அதை மறைக்கத்தான் தரைக்குத் தண்ணி ஊத்தியிருக்காங்க." ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தான். "அண்ணி, நாம இறங்கிடலாமா? மேல ஒண்ணுமே பார்க்கலைன்னு வச்சுக்கலாம். எனக்கு அந்தக் கட்டைவிரல் கண்ணுலயே நிக்குது."

அவளுக்கும் நின்றது. ஆனால் பரண்மேல் வந்தாகிவிட்டது. விளிம்பில் தூசி இல்லை. பாதங்கள் நின்று நின்று தேய்ந்த இரண்டு தடங்கள்தான் இருந்தன. அவள் தன் பாதங்களை அதில் வைத்துப் பார்த்தாள். பொருந்தின. கீழே மெத்தை, ஒரு பெரிய வெள்ளைப் பதில் மாதிரி விரிந்து கிடந்தது.

எப்படி விழுந்தாள் என்று தெரிந்தாக வேண்டும், அதற்காகத்தான், என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டாள். மனம் நம்பவில்லை. அதுவும் நம்பாமல் இருக்கப் பழகிய மனம். எவ்வளவோ வருஷமாக அவள் எதிலிருந்தும் குதித்ததில்லை. படிகளில் இறங்கினாள், பஸ்ஸிலிருந்து இறங்கினாள், பேச்சை வளர்க்காமல் சண்டைகளிலிருந்து இறங்கினாள். எல்லாவற்றிலிருந்தும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்கினாள்.

"அண்ணி, வேண்டாம்! அண்ணன் என்னைத்தான் கொல்லுவாரு!"

"மேடம்! யாரும் ஏறறதில்லைன்னு சொன்னேனே!" என்று கத்தினார் சூப்பர்வைசர்.

கீழேயிருந்த பெண்களால் அதற்குமேல் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

"முட்டியை மடக்குங்க மேடம்!"

"நிக்கற மாதிரி விழாதீங்க, உக்கார்ற மாதிரி விழுங்க!"

"நடுவுல! ஓரத்துக்குப் போயிடாதீங்க!"

"யாரும் பேசாதீங்கடி!" என்றார் சூப்பர்வைசர்.

தாவினாள்.

வயிறு மட்டும் பரணிலேயே தங்கிவிட்டது. பிறகு மெத்தை அவளை வாங்கிக்கொண்டது, ஆழமாக உள்ளே இழுத்தது, யோசித்தது, மனம் மாறித் திருப்பி எறிந்தது. ஒருமுறை, இன்னொருமுறை. மூன்றாவதில் மல்லாந்து கிடந்தாள். தொண்டையிலிருந்து வந்த சத்தம் தன்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. சிரிப்பு. அலுவலக உடையில், தலை கலைந்து, கால் பரப்பிக்கொண்டு, ஒரு துப்பறிகிறவள் கூரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அது நடந்தது.

பெரியக்கா குனிந்தாள். தாவியவள் முதலில் விழுந்த குழியில் உள்ளங்கையை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டு, குழி மேலெழுந்து சமமாகிற வரைக்கும் காத்திருந்தாள். காதிடுக்கிலிருந்து சாக்பீஸை எடுத்து மெத்தையின் மூலையில் ஒரு டிக் போட்டாள். லேபிள் தைக்கிற பெண் ஊசியோடு வந்து அந்த டிக்கின் மேலேயே லேபிளை வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். வேறு இரண்டு பேர் மெத்தையை, அவள் அதன்மேல் படுத்திருக்கும்போதே, ஓரமாக இழுத்துப் போனார்கள். காலியான இடத்தில் அடுத்த மெத்தை வந்து விழுந்தது.

அதற்குப் பிறகுதான் தாங்கள் என்ன செய்தோம் என்று அவர்களுக்கு உறைத்தது. ஊசி பாதியில் நின்றது.

அவள் எழுந்து உட்கார்ந்தாள். "பெரியக்கா, அந்த டிக் எதுக்கு?"

"தேறிடுச்சுல்ல மேடம்" என்றாள் பெரியக்கா, பழக்க தோஷத்தில்.

"அண்ணியா, மெத்தையா?" என்றது பரண்மேலிருந்து ஒரு குரல்.

"மெத்தைதான். சீக்கிரம் எழும்பிடுச்சு, சத்தம் வரலை. இனிமே அனுப்பிடலாம்."

"தாவலைன்னா?"

"தாவாம எப்படி மேடம் அனுப்பறது? மாமனார்தான் படுத்துட்டாரே!"

சூப்பர்வைசர் மீசையிலிருந்து பஞ்சை எடுக்க ஆரம்பித்தார். ரொம்ப கவனமாக.

"மாமனார் எப்ப படுத்தார்?"

"பூனை சினையா இருக்கும்போதே" என்றாள் லேபிள் பெண்.

"தாவச் சொன்னது யாரு?"

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "யாரும் சொல்லலை மேடம்" என்றாள் பெரியக்கா. "சார் நல்லவரு. 'பொண்ணுங்களா, போய்க் கொஞ்சம் விளையாடிட்டு வாங்க'ம்பாரு. எந்த மெத்தைன்னு மட்டும் காட்டுவாரு. எல்லாத்தையும் தாவி முடிச்சா சீக்கிரம் வீட்டுக்கு விடுவாரு."

"தாவாத நாள்?"

"தாவாத நாள் கிடையாதே."

பெரியக்கா சட்டென்று அவள் பக்கத்தில் மெத்தையில் உட்கார்ந்தாள். மெத்தை அவள் பக்கம் சரிந்தது; இரண்டு பேர் தோளும் இடித்துக்கொண்டன.

"தப்பு என்னுதுதான் மேடம். ஆளுக்கு ஏத்த மெத்தைன்னு கணக்கு இருக்கு. தொட்டில் மெத்தைக்குக் குருவி. ஓட்டல் மெத்தைக்கு நான். அது ஸ்பிரிங் கெட்டி, கனமான ஆளைத்தான் தாங்கும், லேசான ஆளைத் தூக்கி எறிஞ்சிடும். அன்னிக்கு ஓட்டல் ஆர்டர். நான் லீவு. சார் குருவியைக் கை காட்டினாராம். அவளுக்கும் ஒரே குஷி, இன்னிக்கு ஓட்டல் மெத்தை எனக்குன்னு. விழுந்தா, மேலே போனா, மெத்தையைத் தாண்டி சிமெண்டுல போய் இறங்கினா." மூக்கை உறிஞ்சினாள். "விளையாடினது தெரிஞ்சா அவளுக்கு ஒண்ணும் கிடைக்காதுன்னாங்க. அதான் எல்லாருமாச் சேர்ந்து..."

"ஈரமாக்கிட்டீங்க."

"ஆமா."

அவளுக்குள் அந்த மணி மறுபடி அடித்தது. இந்தத் தடவை சத்தம் வேறு மாதிரி இருந்தது. எதைச் சொன்னால் குருவிக்குக் கால் திரும்பி வருமோ, அதைத்தான் இத்தனை பேரும் உயிரைக் கொடுத்து மறைத்திருக்கிறார்கள்.

"பெரியக்கா, நீங்க விளையாடலை. சோதனை பண்ணியிருக்கீங்க. மாமனார் செய்ய வேண்டியதை நீங்க செஞ்சிருக்கீங்க. அது வேலை."

"வேலையா?" பெரியக்கா உண்மையிலேயே குழம்பிப் போனாள். "வேலைன்னா கஷ்டமா இருக்குமே மேடம். இது நல்லா இருந்துச்சே!"

பரண்மேல் கொழுந்தன் ஹோ என்று கத்தினான். சந்தோஷத்தில் எதிலிருந்து எதன்மேல் தாவுகிறோம் என்று பார்க்காமல் தாவியும்விட்டான். நிற்கிற மாதிரி விழுந்து, உட்காருகிற மாதிரி எழும்பி, கடைசியில் சூப்பர்வைசரின் காலடியில் போய்க் கும்பிடுகிற மாதிரி நின்றான். பெரியக்கா அந்த மெத்தையில் கை வைத்துப் பார்த்தாள்.

"இது தேறாது" என்றாள்.

கொட்டகையே சிரித்தது. சூப்பர்வைசர்கூட ஒரு கணம் சிரித்துவிட்டு, பிறகு நினைவு வந்தவராக வெளியே ஓடினார், போனைக் காதில் வைத்துக்கொண்டு.

அந்த ஓட்டத்தின் பலன் சீக்கிரமே வந்தது. அவள் போன் அடித்தது. இன்சூரன்ஸ் மேனேஜர். நல்ல மனிதர், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். அவள் மெத்தையிலேயே உட்கார்ந்தபடி பேசினாள். சுற்றிலும் பெண்கள் நின்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஈரம் பொய்னு தம்பி சொன்னார். பிரமாதம். மேலேருந்து தாவியிருக்காங்களாமே?"

"ஆமா சார். ஆனா அது..."

"மெத்தைக் கம்பெனி முதலாளி இப்பத்தான் பேசினார். டிக், சாக்பீஸ்னு என்னவோ சொன்னார். அதெல்லாம் நமக்கு எதுக்கும்மா? தாவினாங்க, விழுந்தாங்க. அங்கேயே முடிச்சிடுங்க."

"தாவச் சொல்லித்தான் தாவியிருக்காங்க சார். மிஷின் ஓடலை. டிக் விழாம மெத்தை வெளியே போகாது."

"நான் உங்களைப் பொய் எழுதச் சொல்லலியே." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "கொஞ்சம் கம்மியா எழுதச் சொல்றேன். அவ்வளவுதான். முதலாளி நமக்கு வேண்டியவர். நீங்களும் நமக்கு வேண்டியவங்கதான். இந்த வருஷ வேலை பூரா உங்ககிட்டதான் வரணும்னு நினைச்சிட்டிருக்கேன்."

கொழுந்தன் எதிரே தரையில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பேச்சு அவனுக்கும் கேட்டது. அண்ணியின் முகத்தை மட்டும் பார்த்தான். வீட்டு வாடகையிலிருந்து அவனுடைய சோறு வரைக்கும் அந்த வருஷ வேலைக்குள்தான் இருந்தது. அது அவளுக்கும் தெரியும்.

கம்மியாக எழுதுவது. அவள் அதையும் யோசித்துப் பார்த்தாள். யோசிக்காமல் இருந்ததாகத் தனக்கே சொல்லிக்கொள்ள விரும்பவில்லை. எத்தனை கேஸில், கேட்காமலே, கம்மியாக எழுதியிருப்போம் என்றும் ஓடியது. மெத்தை அவள் பாரத்தைத் தாங்கிக்கொண்டு அடியில் மெல்ல மூச்சு விட்டது.

"என்னம்மா, எழுதிடறீங்களா?"

இன்னொரு கப் காபி வேண்டாம் என்று சொல்கிற குரலில், யாரும் புண்படாதபடி, அவள் சொன்னாள்.

"மாட்டேன் சார்."